மாலுமி: வாத்தியாருக்கான சொல் கப்பல் ஏறிய கதை

'கப்பல் மூழ்கியது, மாலுமிகள் மீட்பு' என்று செய்தி வந்தால், சமையல்காரர் உட்பட கப்பலில் வேலை பார்த்த எல்லோரையும்தான் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் முன்பு மாலுமி என்றால் கப்பலுக்கு வழி சொல்கிற ஒரே ஆள், இன்றைக்கு நாம் நேவிகேட்டர் என்கிறவர்.

வேர் அரபி. முஅல்லிம் என்றால் கற்றுக்கொடுப்பவர். மதரஸாவில் ஓதிக்கொடுப்பவருக்கும் அதே சொல்தான். இந்தியப் பெருங்கடலில் கப்பலின் தலைவர் நாகுதா, சரக்கும் ஆட்களும் அவர் பொறுப்பு. திசை, நட்சத்திரம், பருவக்காற்று எல்லாம் முஅல்லிம் பொறுப்பு. அந்த முஅல்லிம்தான் நம் வாயில் மாலுமி.

வாஸ்கோ ட காமாவின் கதையிலேயே இந்தச் சொல் இருக்கிறது. 1498 ஏப்ரலில் ஆப்பிரிக்காவின் மலிந்தியில் அவருக்கு ஒரு வழிகாட்டி கிடைத்தார். போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர்களில் பாரோஸ் என்பவர் 'மலேமோ கானா' என்கிறார், இன்னொருவர் 'கனாக்கா' என்கிறார். மலேமோ நம் மாலுமியேதான். கனாக்கா என்பது கணக்கிட்டுச் சொல்பவர், நம் கணியன் மாதிரி. ஆக இரண்டுமே தொழிலைச் சொல்கின்றன, ஆளின் பெயர் அதில் இல்லை! அரபுக் கடலோடி மேதை இப்னு மாஜித்தான் அவர் என்று பரவலாகச் சொல்வார்கள், ஆனால் பாரோஸ் அவரைக் குஜராத்திக்காரர் என்றே எழுதுகிறார்.

காமா தன் பெரிய மர அஸ்ட்ரோலேபை அவரிடம் காட்டினாராம். கப்பல் ஆட்டத்தில் அதைச் சரியாகப் பிடிக்க முடியாமல், சூரியனின் உயரம் பார்க்க ஆப்பிரிக்காவில் கரையிறங்க வேண்டியிருந்த கருவி அது. மாலுமி அசரவேயில்லை, எங்களுக்கு வேறு கருவி உண்டு என்று பலகைகளைக் காட்டினார் என்கிறார் பாரோஸ். அரபியில் கமால், தமிழில் இராப்பலகை. சின்னப் பலகை, நடுவில் துளை, அதில் முடிச்சுப் போட்ட கயிறு. முடிச்சைப் பல்லில் கடித்துக் கயிற்றை இழுத்துப் பிடித்து, பலகையின் கீழ் விளிம்பு தொடுவானத்திலும் மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்திலும் படும்படி பார்க்க வேண்டும், எந்த முடிச்சில் பொருந்துகிறதோ அதை வைத்து எந்தத் துறைமுகத்தின் அட்சரேகையில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

அந்த மாலுமி உடனிருந்தபோது 23 நாளில் மலபார் மலைகள் கண்ணில் பட்டன. திரும்பும்போது காற்றின் பருவம் பார்க்காமல் அக்டோபரில் கிளம்பியதில் அதே கடலைக் கடக்க ஏறக்குறைய மூன்று மாதம். வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் 30 பேர் செத்தார்கள். பாய் இழுக்க ஆள் போதாமல் சாவோ ரஃபேல் கப்பலையே எரித்தார்கள்.

சரி, நேவிகேட்டரைத் தமிழில் என்ன சொல்வது? மீகாமன். மீகான், நீகான் என்றும் உண்டு. அகநானூற்றின் 255ஆம் பாட்டில், மாடத்தில் எரியும் விளக்கொளியை வைத்துத் துறை அறிந்து கப்பலைச் செலுத்துபவன் நீகான், அதாவது கலங்கரை விளக்கத்தைப் பார்த்து ஓட்டுகிறவன். இவ்வளவு பொருத்தமான சொல் கையில் இருக்கும்போது 'வழிசெலுத்துநர்' என்று அகராதிக் குழுவில் சமைத்ததுபோல எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. மாலுமியை இனி பழைய பொருளுக்கு இழுக்க முடியாது, அது எல்லோருக்குமான பெயராகிவிட்டது, அப்படியே இருக்கட்டும். நேவிகேட்டருக்கு மீகாமன், தலைவருக்குக் கப்பல்தலைவன். தூத்துக்குடித் தோணியைப் பற்றி எழுதினால் மட்டும் தலைவன் வேண்டாம், அங்கே அவர் தண்டல்.