கனடாவுக்குப் போனால் பென்சன் ஏறாது

போன கிழமை கனடாவின் ஸ்காபரோவில் இருந்து ஒரு அழைப்பு. "தம்பி, என்ர பென்சனில ஏதோ பிழை நடந்திருக்கு. இவ்வளவு வருசமாகியும் ஒரு சதமும் கூட்டேல்லை. ஒருக்கா எழுதிக் கேட்டுத் தாறியளோ?"

பிழை ஒன்றும் நடக்கவில்லை. ஐயாவுக்கு 2017-ல் 65 வயது வந்தது, முழுப் பிரித்தானிய அரச பென்சனும் வந்தது. 2018 கோடையில் லண்டன் ஹரோ வீட்டை விற்றுவிட்டு கனடாவில் மகளோடு போய் இருந்துவிட்டார். அப்போது கிழமைக்கு 164.35 பவுண். இன்றைக்கும் 164.35 பவுண். ஹரோவிலேயே இருந்திருந்தால் 2026 ஏப்ரலில் இருந்து அது 241.30. வருடக் கணக்கில் பார்த்தால் நாலாயிரம் பவுண் போகிறது. அவருடைய மனைவியின் கணக்கு இன்னும் வேடிக்கை. அவருக்கு 66 வயது வந்தது 2022-ல், கனடாவில் இருக்கும்போது. அவருடைய பென்சன் 185.15-ல் தொடங்கி 185.15-லேயே நிற்கிறது. ஒரே வீட்டில், ஒரே அளவு வருடங்கள் கட்டிய இரண்டு பேருக்கு இரண்டு தொகை, இரண்டுமே ஏறாது. (ஆட்கள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

எனக்கு ஐயாமேல் கோபமில்லை. வீட்டை விற்றுக் கொடுத்தவர், விசா விண்ணப்பம் நிரப்பியவர், சாமான் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றிவிட்டவர் என்று இத்தனை பேர் அந்தக் குடும்பத்திடம் காசு வாங்கியிருக்கிறார்கள். ஒருவராவது "பென்சன் என்ன மாதிரி?" என்று கேட்டிருக்கலாம். இப்படியான அழைப்புகள் எனக்கு அலுத்துப்போய்விட்டன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதிவிடுகிறேன்.

விதி சின்னது. பிரித்தானியாவில் வசிப்பவர்களுக்கு அரச பென்சன் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஏறும். எவ்வளவு ஏறும் என்பது ட்ரிபிள் லொக் கணக்கு: விலைவாசி உயர்வு, சம்பள உயர்வு, 2.5 வீதம், இந்த மூன்றில் எது பெரிதோ அது. வெளிநாட்டில் குடியிருந்தால் சில நாடுகளில் மட்டும் இந்த உயர்வு கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், சுவிற்சர்லாந்து, நோர்வே, அமெரிக்கா, இஸ்ரேல், துருக்கி, பிலிப்பீன்ஸ், ஜமேக்கா, பார்படோஸ், மொரீஷியஸ் ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இந்தியா, இலங்கை, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர், தென்னாபிரிக்கா இல்லை. எங்கள் ஆட்கள் ஓய்வுக்குப் பிறகு போய் இருக்க நினைக்கிற இடங்கள் கிட்டத்தட்ட எல்லாமே இல்லாத பக்கத்தில்தான். ஏறத்தாழ நாலரை இலட்சம் பேர் இப்படி ஏறாமல் நின்றுபோன பென்சனோடு இருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் அவுஸ்திரேலியாவிலும் கனடாவிலும் நியூசிலாந்திலும்.

இதில் நியாயம் தேட வேண்டாம், கிடைக்காது. நயாகரா நீர்வீழ்ச்சியின் அமெரிக்கக் கரையில் வீடெடுத்தால் ஏறும், பாலத்தைத் தாண்டிக் கனடாக் கரைக்குப் போனால் ஏறாது. போக்லண்ட் தீவுகள் பிரித்தானியாவின் சொந்தப் பிரதேசம், 1982-ல் போர் செய்து காப்பாற்றிய இடம். அங்கேயும் ஏறாது. பெர்முடாவில் ஏறும். எந்தக் காலத்தில் எந்த அரசோடு என்ன கைச்சாத்தானதோ, அதன்படி கிடக்கிறது. புதிதாக யாரோடும் இப்படி ஒப்பந்தம் செய்வதில்லை என்பதே மாறி மாறி வந்த அரசுகளின் நிலைப்பாடு. காரணம் செலவு, வேறொன்றுமில்லை.

இனி என்னை மிகவும் எரிச்சலூட்டுகிற கதைக்கு வருகிறேன். "கனடாவோட பிரித்தானியாவுக்கு ஒப்பந்தம் இருக்குத்தானே?"

இருக்கிறது. நியூசிலாந்தோடும் இருக்கிறது. அரச இணையதளத்தில் அதைத் தேடிக் கண்டுபிடித்து, அச்செடுத்து, மஞ்சள் மையால் கோடிட்டு என் மேசையில் வைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் என்று தலைப்பிருந்தால் அதற்குள் எல்லாம் இருக்கும் என்று யார் சொன்னது? ஒவ்வொரு ஒப்பந்தமும் எதற்காகச் செய்யப்பட்டதோ அதை மட்டும்தான் தரும். இங்கிருந்து அங்கே வேலைக்கு அனுப்பப்பட்டவர் இரண்டு நாட்டிலும் ஒரே நேரத்தில் பங்களிப்புக் கட்டத் தேவையில்லை என்பது ஒரு விசயம். ஓய்வெடுத்தவரின் பென்சனை வருடாவருடம் கூட்டித் தருவது வேறொரு விசயம். கனடா ஒப்பந்தத்தில் இந்த இரண்டாவது இல்லை. நியூசிலாந்து ஒப்பந்தத்திலும் இல்லை. ஆகவே "ஒப்பந்தம் இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "வருடாந்த உயர்வு கிடைக்கும் நாடுகளின் பட்டியலில் இந்த நாடு இருக்கிறதா?" என்று கேளுங்கள். இரண்டும் இரண்டு பட்டியல். முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு வீட்டை விற்றவர்கள் பலர்.

அவுஸ்திரேலியாவின் கதை இதைவிடத் தெளிவு. அவர்களோடும் ஒரு ஒப்பந்தம் இருந்தது. தன் நாட்டில் வாழும் பிரித்தானிய ஓய்வூதியருக்கு லண்டன் உயர்வு தர மறுக்கிறது, அந்தச் சுமை எங்கள் தலையில் விழுகிறது என்று சொல்லி 2001-ல் அவுஸ்திரேலிய அரசே அதை முறித்துக்கொண்டது. அதாவது ஒப்பந்தம் இருந்த காலத்திலும் உயர்வு இருக்கவில்லை!

இப்போது வட்ஸ்அப்பில் சுற்றுவது இந்தியா பற்றியது. 2025 ஜூலையில் பிரித்தானியாவும் இந்தியாவும் சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டன அல்லவா, அதோடு சேர்த்துப் பேசப்பட்ட இரட்டைப் பங்களிப்பு ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு "இனிச் சென்னையில் இருந்தாலும் பென்சன் ஏறும்" என்று யாரோ எழுதிவிட்டார்கள். ஏறாது. அது கொஞ்சக் காலத்துக்கு நிறுவனத்தால் அனுப்பப்படும் ஊழியர்களுக்கானது. ஐ.டி. வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இலாபம்தான். கோயம்புத்தூரில் ஓய்வெடுக்கப் போகிற தாத்தாவுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தச் செய்தியை எனக்கு அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

"நான் பிரிட்டிஷ் சிட்டிசன்." பொருட்டில்லை. எந்தக் கடவுச்சீட்டு என்று யாரும் பார்ப்பதில்லை, எங்கே குடியிருக்கிறீர்கள் என்றுதான் பார்க்கிறார்கள்.

"முப்பத்தஞ்சு வருசம் கட்டினனாங்கள், எங்கட காசு." இதைச் சொல்லும்போது ஆட்களின் குரல் உடையும், எனக்கும் பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கும். ஆனால் சம்பளத்தில் பிடிக்கிற நேஷனல் இன்சூரன்ஸ் பங்களிப்பு உங்கள் பெயரில் சேர்த்து வைக்கிற வங்கிக் கணக்கு இல்லை. நீங்கள் அன்று கட்டியது அன்றைய முதியவர்களுக்குப் போயிற்று. இன்று உழைக்கிறவர் கட்டுவது உங்களுக்கு வருகிறது. கட்டிய வருடங்கள் பென்சனுக்கு உங்களுக்குத் தகுதி தருகின்றன, பத்து வருடம் இருந்தால் கொஞ்சம், 35 இருந்தால் முழுவதும். வருடாந்த உயர்வைத் தருவது சட்டம், அந்தச் சட்டம் வதிவிடத்தைப் பார்க்கிறது. இதே வாதத்தோடு தென்னாபிரிக்காவில் குடியேறிய அனெட் கார்சன் என்ற பெண்மணி நீதிமன்றப் படி ஏறினார். 2005-ல், அப்போது பிரித்தானியாவின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில் தோற்றார். வேறு சிலரும் சேர்ந்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2010 மார்ச்சில் அதன் பெரும் அமர்வு 11-க்கு 6 என்று அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆறு நீதிபதிகள் அவர்கள் பக்கம் நின்றார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஆறு பேரை வைத்து வாடகை கட்ட முடியாது. தேர்தல் வரும்போது யாராவது ஒரு எம்.பி. இதைப் பற்றிப் பேசுவார். அதை நம்பி விமானச் சீட்டு எடுக்க வேண்டாம்.

இன்னொரு குழப்பம், இது பெரும்பாலும் என்.எச்.எஸ். என்கிற பிரித்தானிய அரச மருத்துவ சேவையில் தாதியராக வேலை செய்த அக்காமாருக்கு வருவது. "என்ர என்.எச்.எஸ். பென்சன் சென்னையிலயும் வருசா வருசம் கூடுதே, அப்ப அரச பென்சனும் கூடும்தானே?" என்.எச்.எஸ்., ஆசிரியர், உள்ளூராட்சி போன்ற வேலைவழிப் பென்சன்கள் நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அவற்றின் விதிப்படி ஏறும். அரச பென்சன் வேறு. ஒன்றைப் பார்த்து மற்றதைக் கணிக்கக் கூடாது. இரண்டும் ஒரே வங்கிக் கணக்கில் விழுவதால் பலர் வருடக்கணக்கில் கவனிக்கவே மாட்டார்கள்.

இலங்கைக்குத் திரும்பியவர்கள் சொல்வது: "பவுண் ஏறுதுதானே, அது போதும்." 2022-ல் ரூபாய் விழுந்தபோது யாழ்ப்பாணத்தில் இருந்து என்னோடு பேசிய ஒருவர் மிகவும் சந்தோசமாக இருந்தார். அதே வருடம் செப்டெம்பரில் அங்கே விலைவாசி உயர்வு 70 வீதத்தைத் தொட்டது. பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவில்லை. கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போனவர்களுக்கு இந்தச் சின்ன ஆறுதல்கூட இல்லை.

கனடா போகிறவர்கள் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்குள்ள முதியோர் ஓய்வூதியத்துக்குப் பொதுவாகப் பத்து வருட வதிவு தேவை. பெற்றோரை ஸ்பொன்சர் செய்த பிள்ளை ஒன்ராரியோவில் 20 வருடத்துக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைத்திருக்கும். அதாவது லண்டன் பென்சன் ஏறாமல் நிற்க, கனடாப் பென்சன் தொடங்காமல் இருக்க, நடுவில் இருக்கிற வருடங்கள் முழுக்கப் பிள்ளையின் கையில். பிள்ளை நல்ல பிள்ளைதான். மருமகனிடம் கண்ணாடி மாற்றக் காசு கேட்பது எப்படியிருக்கும் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வீட்டை விற்க முதல் இரண்டு பேருடைய பென்சன் முன்கணிப்பையும் அரச இணையதளத்தில் எடுங்கள். அந்தத் தொகையை வைத்துக்கொண்டு, இருபது வருடத்துக்கு ஒரு சதமும் ஏறாது என்று எடுத்துக் கணக்குப் போடுங்கள். இருபது வருடம் அதிகம் என்று நினைக்காதீர்கள். 2001-ல் போனவருக்கு அன்றைய முழு அடிப்படைப் பென்சன் 72.50 பவுண். அதே பழைய அடிப்படைப் பென்சன் இங்கே 2026-ல் 184.90. அவர் இன்னும் 72.50-தான் வாங்குகிறார். இந்தக் கணக்குக்குப் பிறகும் போகலாம் என்றால் சந்தோசமாகப் போங்கள். பேரப்பிள்ளைகளோடு இருப்பதற்கு விலை போட நான் யார்?

பென்சன் வயது வர முதலே போகிறவர்களுக்கு: தொகை ஏறாமல் நிற்கத் தொடங்குவது நீங்கள் விமானம் ஏறிய நாளில் இல்லை, பென்சன் தொடங்குகிற நாளில். அப்போதைய வீதத்தில் தொடங்கும், அதற்குப் பிறகு ஏறாது. சிலர் இதைக் கேட்டதும் "அப்படியென்றால் பென்சனைப் பிந்தி எடுக்கிறேன்" என்பார்கள். உயர்வு தராத நாட்டில் இருந்துகொண்டு பிந்தினால், பிந்தியதற்கான மேலதிகத் தொகையும் பென்சன் வயது வந்த அன்றைய வீதத்தில்தான் கணக்கிடப்படும். கெட்டித்தனம் என்று நினைத்து அவசரப்படாதீர்கள், முதலில் யாரிடமாவது கேளுங்கள்.

மாரி காலத்துக்கு மூன்று மாதம் ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் பயப்பட வேண்டாம். உங்கள் குடியிருப்பு இங்கேதான், உயர்வும் வரும்.

மகனின் லண்டன் விலாசத்தைக் கொடுத்துவிட்டு ரொறன்ரோவில் இருக்கலாம் என்று யோசனை சொல்கிறவர் உங்கள் எதிரி. அதை என் முன்னால் சொல்ல வேண்டாம், நான் செய்து தரமாட்டேன். குடிபெயர்ந்ததை அறிவிப்பது உங்கள் கடமை. மறைத்து வாங்கிய பணத்தைத் திரும்பக் கேட்பார்கள், அபராதமும் வழக்கும் வரலாம். எண்பது வயதில் மோசடி விசாரணைக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டியிருக்கும். கடிதம் வருவது மகனின் வீட்டுக்கு, பதில் சொல்ல வேண்டியவனும் அவன்.

போன பிறகு "உயிரோட இருக்கிறன்" என்று சாட்சியோடு கையெழுத்திட்டு அனுப்பும் படிவம் ஒன்று வரும். அனுப்பாவிட்டால் உள்ள பென்சனையும் நிறுத்திவிடுவார்கள். விலாசம் மாறினால், வெளிநாட்டில் இருப்பவர்களின் அரச பென்சனைப் பார்க்கிற இன்டர்நஷனல் பென்சன் சென்டருக்கு உடனே எழுதுங்கள், பாதிப் பிரச்சினை பழைய விலாசத்துக்குப் போன கடிதங்களால்தான்.

நிரந்தரமாகத் திரும்பி வந்தால், அல்லது உயர்வு தரும் நாட்டுக்கு மாறினால், அன்றைய முழு வீதம் திரும்பக் கிடைக்கும். விட்டுப்போன வருடங்களுக்கு நிலுவை கிடையாது.

இங்கே தற்காலிகமாக வந்து நிற்கிற காலத்துக்கும் உயர்ந்த வீதம் உங்களுக்கு உரியது. இது பலருக்குத் தெரியாது, ஆகவே கேட்பதில்லை. பேத்தியின் கலியாணத்துக்கு ஆறு கிழமை லண்டன் வருகிறீர்கள் என்றால் அந்த ஆறு கிழமைக்கும் கேட்கலாம், சட்டப்படியே. வர முதல் பென்சன் சென்டருக்கு வருகிற திகதியையும் திரும்புகிற திகதியையும் அறிவியுங்கள். விமானச் சீட்டின் பிரதியைக் கையில் வைத்திருங்கள். அந்தப் பயணத்துக்கு மருத்துவக் காப்புறுதியும் எடுங்கள், இங்கே குடியிருக்காதவரிடம் மருத்துவமனைச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் காசு கேட்பார்கள்.