பாயிண்ட் மாறலையா? முதலில் விரலை வையுங்கள்

ஈரோட்டுப் பக்கமிருந்து வரும் ரயில் பாதை இருகூரில் இரண்டாகப் பிரியும். ஒன்று நேராகப் போத்தனூருக்கு, இன்னொன்று பீளமேடு வழியாகக் கோவை ஜங்ஷனுக்கு. சோமனூரில் எங்கள் மாடியறைப் பிளைவுட் பலகைமேல் அந்த இருகூரைத்தான் மாதிரி ரயிலாக, 16.5 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் போட்டு வைத்திருக்கிறேன். நிஜ அகலப்பாதை 1676 மி.மீ. அதை என் மாதிரி வண்டிகளின் அளவான 87-இல் ஒன்றாகச் சுருக்கினால் 19-க்குச் சற்று மேலே வரவேண்டும். ரயில்வேக்காரர் யாரும் அளந்து பார்க்காதவரை பிரச்சினையில்லை.

பாதை இரண்டாகப் பிரியும் இடம்தான் பாயிண்ட். வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அதன் இரண்டு நாக்குத் தண்டவாளங்கள்தான் முடிவு செய்கின்றன. நிஜத்தில் 110 வோல்ட் மோட்டார் பூட்டிய பாயிண்ட் மெஷினின் தண்டு 143 அல்லது 220 மி.மீ. நகர்ந்து அவற்றைத் தள்ளும். நமக்குச் சில மில்லிமீட்டர் போதும். தள்ளுவதை எந்த மெஷினும் செய்துவிடும். தள்ளிய இடத்திலேயே பிடித்து வைப்பது யார் என்று பார்த்துத்தான் மெஷின் வாங்க வேண்டும்.

இரட்டைக் காயில் மெஷினில் பக்கத்துக்கு ஒரு கம்பிச் சுருள். அது இரும்புத் தண்டை வெடுக்கென்று இழுத்துவிட்டு ஓய்ந்துவிடும். பிடித்து வைக்கும் பலம் அதற்கில்லை. பெக்கோ கம்பெனிப் பாயிண்டுகளில் உள்ளேயே ஒரு சின்ன ஸ்பிரிங் உண்டு, பிடிக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். ஸ்பிரிங் இல்லாத பாயிண்டில் வெறும் காயிலை மாட்டினால், வண்டி அதிர்விலேயே நாக்கு விலகிவிடும்.

நான் வாங்கிய முதல் காயில் ஒரே மாதத்தில் கருகியது. தெருமுனையில் பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டும் அண்ணனிடம் கொண்டுபோனேன். முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "போர் மோட்டார் பொட்டீல பச்சைப் பட்டன அமுக்கிப் புடிச்சுட்டே நிப்பீங்ளா தம்பி? கெபாசிட்டர் வெடிச்சுப் போயிருமில்லீங்க. அதே கதைதானுங் இது."

நான் அமுக்கியது ஒரு நொடிதான், பட்டன்தான் உள்ளே சிக்கிக்கொண்டது. காயிலின் தடை சுமார் 4 ஓம். 16 வோல்ட் கொடுத்தால் 4 ஆம்பியர், அதாவது 64 வாட். ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். கட்டைவிரல் அளவுக் காயில் எத்தனை நொடி தாங்கும்?

மருந்து, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு கெபாசிட்டர், மெதுவாக நிரம்பும்படி கட்டியது. 4700 மைக்ரோஃபாரட், 24 வோல்ட்டில் நிரம்பினால் சுமார் 1.35 ஜூல் ஆற்றல். பட்டனை அமுக்கியதும் அது மொத்தமாகக் கொட்டும், பிறகு சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பட்டன் சிக்கினாலும் காயில் பிழைத்துக்கொள்ளும்.

டார்டாய்ஸ் என்ற பெயரில் விற்பது போன்ற மெதுவான மோட்டார் மெஷின் வேறு சாதி. சுமார் 3 நொடி எடுத்து நகர்த்தி, முட்டி நின்றபடியே அழுத்திக்கொண்டிருக்கும். அப்போதும் இழுப்பது 15 மில்லியாம்பியர் அளவுதான். இதை மாட்டுவதானால் பாயிண்டின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் மல்லுக்கட்டும். விலை கையைக் கடிக்கும். சர்வோ என்ற குட்டி மோட்டார் மலிவு. ஆனால் அதற்கு ஒரு கட்டுப்பாட்டுச் சில்லு வேண்டும், நின்ற இடத்தில் கொசு மாதிரி ரீங்காரம் போடும். எனக்கு அது ஆகாது.

பாயிண்ட் மாறவில்லை என்றால் எல்லோரும் மல்டிமீட்டரைத்தான் தேடுவார்கள். நான் மெஷினைப் பாயிண்டிலிருந்து கழற்றிவிட்டு நாக்கை விரலால் தள்ளிப் பார்ப்பேன். விரலுக்கே இறுகினால் மின்சாரத்தில் குற்றமில்லை. எங்கள் ஊரில் தறிப்பஞ்சு நாக்கின் இடுக்கில் நூலாகச் சுற்றிக்கொள்ளும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மண்ணையும் சேர்த்துக் கொடுக்கும். பழைய பல் பிரஷ்ஷும் ஊசியும் போதும். எண்ணெய் விடாதீர்கள், பஞ்சு அதில் அப்பிக்கொள்ளும்.

விரலுக்கு வழுக்கிக்கொண்டு போய், மெஷினுக்கு மட்டும் முரண்டு பிடித்தால் ஒயரைப் பாருங்கள். மெல்லிய ஒயர் போக வர 1 ஓம் இருந்தாலே 4 ஓம் காயிலுக்குப் போகும் வோல்ட்டேஜில் ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே தீர்ந்துவிடும். மெதுவான மோட்டாருக்கு அதே ஒயர் தாராளம்.

பாயிண்ட் சரியாக மாறியும், எஞ்சின் அதன் நடுவில் இரு பாதைத் தண்டவாளங்களும் குறுக்கிடும் கிராசிங் மேல் ஏறியதும் மொத்தப் பாதையும் செத்துப்போனால், அந்த உலோகத் துண்டுக்குத் தவறான பக்கத்து மின்சாரம் போகிறது. மெஷினோடு சேர்ந்து மாறும் தொடர்பு சுவிட்சில் தண்டவாளங்களிலிருந்து வரும் இரண்டு ஒயர்களை இடம் மாற்றுங்கள். நான் இதைக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.