கால் வினாடியில் தவறிப்போகும் சந்திப்பு

பிரையன் ஈனோவின் மின்னணு இசையைக் கேட்க விரும்பும் வாசகர் ஒருவர், இத்தனை ஆல்பங்களில் எதை முதலில் எடுப்பது என்று கேட்டிருந்தார். அவருடைய திகைப்பு நியாயமானது. 1948இல் இங்கிலாந்தின் உட்பிரிட்ஜ் நகருக்கு அருகே பிறந்த ஈனோ, ராக்ஸி மியூசிக் என்ற ராக் இசைக்குழுவில் சிந்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவியை வாசித்துவிட்டு 1973இல் அதிலிருந்து விலகினார். அன்று முதல் தனியாகவும் பிறரோடு சேர்ந்தும் ஓயாமல் ஆல்பங்களை வெளியிட்டு வருகிறார். அவற்றில் துள்ளலான ராக் பாடல்களும் இருக்கின்றன, ஒரு மணி நேரம் அசையாமல் நிற்பதுபோல் ஒலிக்கும் படைப்புகளும் இருக்கின்றன. ஆண்டு வரிசைப்படி கேட்கத் தொடங்குபவர் பாதியிலேயே களைத்துப்போவார். 1978இல் வெளியான ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ ஆல்பத்தில் ‘2/1’ என்று எண்ணால் மட்டுமே பெயரிடப்பட்ட பகுதியை முதலில் கேளுங்கள் என்பதே என் பதில். 2/1 என்றால் இசைத்தட்டின் முதல் பக்கத்தில் இரண்டாவது படைப்பு என்று பொருள். அது ஒன்பது நிமிடம்கூட ஓடாது.

அதில் மனிதக் குரல்கள் மட்டுமே ஒலிக்கின்றன. சொற்கள் இல்லை, தாளம் இல்லை. ஒரு குரல் ‘ஆ’ என்று ஒரே சுரத்தைப் பிடித்து மெல்ல எழுந்து அடங்குகிறது. சற்று நேர மௌனத்துக்குப் பின் வேறொரு சுரத்தில் இன்னொரு குரல் வருகிறது. சில சமயம் இரண்டு குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஓர் இணைவை உண்டாக்குகின்றன. சில சமயம் ஒரு குரல் நெடுநேரம் தனித்து நிற்கிறது. அடுத்து என்ன வரும் என்று காது ஊகித்துக்கொண்டே இருந்தாலும், அந்த ஊகம் ஒருபோதும் முழுமையாகப் பலிப்பதில்லை.

இந்த வரிசையை யாரும் சுரம் சுரமாக அமர்ந்து எழுதவில்லை. ஒலிநாடாவில் ஒரு ‘ஆ’வைப் பதிவு செய்து, அதைத் தொடர்ந்து நீளமான வெற்று நாடாவை விட்டு வெட்டி, இரு முனைகளையும் ஒட்டினால் ஒரு வளையம் கிடைக்கும். பதிவுக்கருவியில் அதை ஓடவிட்டால், வளையம் ஒரு சுற்று முடியும்போதெல்லாம் அந்த ‘ஆ’ திரும்பவும் கேட்கும். ஆக, வெற்று நாடாவின் நீளமும் இந்த இசையின் ஒரு பகுதிதான். அடுத்த ‘ஆ’ எப்போது வரும் என்பதை அந்த நீளமே தீர்மானிக்கிறது. ஜெர்மனியின் கொலோன் நகருக்கு அருகே ஒலிப்பதிவாளர் கோனி பிளாங்க்கின் ஸ்டூடியோவில் இந்த வளையங்கள் ஓடின. வினாடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் நாடாவில் 23.5 வினாடி வேண்டுமென்றால் ஏறத்தாழ 9 மீட்டர் நீளம் தேவை. அவ்வளவு நீளம் கருவிக்குள் அடங்காது. ஆகவே அலுமினியக் குழாய் நாற்காலிகளை வரிசையாக வைத்து, நாடாவை அவற்றைச் சுற்றி ஓடவிட்டார்கள். ஆள் நடமாட்டமில்லாத அறையில், நாற்காலிக் கால்களை உரசிக்கொண்டு ஒரு பழுப்பு நாடா தன்பாட்டுக்குச் சுற்றிவரும் காட்சியை நான் பலமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அந்த நாடாதான் ‘2/1’ஐ இயற்றியது என்று சொன்னால்கூடப் பெரிய தவறில்லை.

இனி, என்னை இந்தப் படைப்போடு கட்டிப்போட்ட கணக்குக்கு வருகிறேன். 1996இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆற்றிய உரையொன்றில் ஈனோ மூன்று வளையங்களின் அளவுகளைத் தோராயமாகக் குறிப்பிட்டார்: 23½ வினாடி, 25⅞ வினாடி, 29 15/16 வினாடி. மூன்று மணிகள் வெவ்வேறு இடைவெளிகளில் அடிக்கின்றன, மீண்டும் எப்போது ஒன்றாக அடிக்கும் என்ற பள்ளிக்கூடக் கணக்கை யாரும் மறந்திருக்க மாட்டோம். மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடித்தால் விடை வந்துவிடும். அதையே இங்கும் செய்து பார்க்கலாம்.

வினாடியைப் பதினாறு கூறுகளாகப் பிரித்தால் மூன்று வளையங்களும் முறையே 376, 414, 479 கூறுகள் ஆகின்றன. முதல் இரண்டு எண்களுக்கும் 2 மட்டுமே பொதுக் காரணி. ஆகவே அவற்றின் மீச்சிறு பொது மடங்கு 77,832 கூறுகள், அதாவது 81 நிமிடமும் சில வினாடிகளும். இரண்டு குரல்களும் ஒரே கணத்தில் தொடங்கியிருந்தால், அவை மறுபடி துல்லியமாக ஒன்றாக எழ அவ்வளவு நேரம் ஆகும். மூன்றாவது எண்ணான 479 ஒரு பகா எண். பிற இரண்டோடும் எந்தக் காரணியையும் பகிர்ந்துகொள்ளாது. அதையும் சேர்த்துப் பெருக்கினால் 3,72,81,528 கூறுகள் வரும். நாளாக மாற்றினால் 26 நாள், 23 மணி, 15 நிமிடம். ஒரு விரலால் வாசிக்கக்கூடிய மூன்றே சுரங்களைக் கொண்டு, ஏறக்குறைய 27 நாட்களுக்குத் திரும்பி வராத ஓர் இசை உருவாகிவிடுகிறது. ஆல்பத்தில் நாம் கேட்பது இப்படிப்பட்ட வளையங்கள் ஓடியதன் ஒன்பது நிமிடத் துண்டு.

ஆனால் 27 நாள் என்ற பெரிய எண்ணைவிட என்னை அதிகம் ஈர்ப்பது, நான்கே நிமிடத்தில் நடக்கும் ஒரு சிறு நிகழ்ச்சி. முதல் இரண்டு வளையங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாகத் தொடங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றின் முடிவில் இரண்டாம் குரல் 2.375 வினாடி பின்தங்குகிறது. அடுத்த சுற்றில் 4.75 வினாடி, அதற்கடுத்து 7.125 வினாடி என்று இடைவெளி விரிந்துகொண்டே போகிறது. ஐந்தாவது சுற்றில் அது முதல் குரலின் இரு வருகைகளுக்கு நட்டநடுவில் கிட்டத்தட்டத் தனியாக நிற்கிறது. எட்டாவது சுற்றில் முதல் குரலின் வருகைக்கு 4.5 வினாடி முன்னதாகவே வந்துவிடுவதால், இதுவரை பின்தொடர்ந்த குரல் இப்போது முன்னறிவிக்கும் குரலாக மாறிவிட்டதுபோல் கேட்கிறது. பத்தாவது சுற்று முடியும்போது கடிகாரம் 258.75 வினாடியைக் காட்டுகிறது. முதல் குரலோ தன் பதினோராவது சுற்றை 258.5 வினாடியில் முடித்திருக்கிறது. இரண்டும் கால் வினாடி இடைவெளியில் சந்திப்பைத் தவறவிடுகின்றன. மெல்ல எழும் ‘ஆ’வில் கால் வினாடி வித்தியாசம் பிழையாகத் தெரியாது, முன்பு கேட்ட அதே இணைவு சற்றே சாய்ந்து வருவதுபோல், நினைவில் இருந்த முகம் வேறு கோணத்தில் தெரிவதுபோல் இருக்கும். அடுத்த முறை அரை வினாடி தவறும். ‘இதை முன்பே கேட்டிருக்கிறோமே’ என்ற உணர்வும் ‘இல்லை, இது புதிது’ என்ற உணர்வும் ஒரே சமயத்தில் எழுவதற்கு இந்த நழுவலே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

உண்மையான நாடா இன்னும் ஒரு படி மேலே போகிறது. கத்தரிக்கோலுக்குப் பின்னக் கணக்கு தெரியாது. வெட்டிய நீளங்களுக்குப் பொது அளவு இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. சதுரத்தின் பக்கமும் மூலைவிட்டமும் போல் விகிதம் பின்னமாக எழுத முடியாததாக அமைந்துவிட்டால், இரு வளையங்களும் எத்தனை யுகம் ஓடினாலும் துல்லியமாகச் சந்திக்காது. ஆனால் எவ்வளவு நெருக்கம் வேண்டுமென்று கேட்டாலும் என்றாவது ஒருநாள் அவ்வளவு நெருங்கி வரும். ஈனோவும் ‘பொது அளவற்றவை’ என்ற கணிதப் பொருளிலேயே இவற்றைப் பற்றிப் பேசியிருக்கிறார். சுரங்கள் யாவும் ஒன்றோடொன்று இசைபவையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதால், எந்த இரண்டு எப்போது மோதினாலும் காது சுளிக்காது. இசையமைப்பாளர் முடிவு செய்தவை சுரங்களும் நீளங்களும்தான். மற்றதை எண்கள் பார்த்துக்கொள்கின்றன.

இந்த வழிமுறையை ஈனோ வெறும் சூனியத்திலிருந்து எடுக்கவில்லை. அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1965இல் ஒரே பேச்சுத் துண்டின் இரண்டு வளையங்களை மிகச் சிறிய வேக வேறுபாட்டுடன் ஓடவிட்டிருந்தார். அதிலிருந்து தாம் கற்றதை ஈனோ வெளிப்படையாகச் சொல்லி வந்திருக்கிறார்.

அமைதியான இசையைத் தேடிப் போகிறவர்கள் ‘432 ஹெர்ட்ஸ் நோய் தீர்க்கும்’ என்ற பிரசாரத்திலும் மாட்டிக்கொள்வதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 440 ஹெர்ட்ஸ் என்பது, இசைக்கருவிகளைச் சுருதி சேர்க்க அடிப்படையாகக் கொள்ளும் சுரத்துக்கு 1939இல் லண்டன் மாநாடு ஒன்றில் வசதிக்காக ஒப்புக்கொண்ட அளவு. அதற்குப் பதில் 432 வைத்தால் பிரபஞ்சத்தோடு இசைந்துவிடுவோம் என்பது மூடநம்பிக்கை. ஹெர்ட்ஸ் என்பது ஒரு வினாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. ஒரு நாளை 86,400 வினாடியாகப் பிரித்ததோ மனிதர்கள். ‘2/1’ நம்மை அமைதிப்படுத்துகிறது என்றால், அதன் காரணம் மேலே போட்ட கணக்கில் இருக்கிறது.

இனி மற்ற ஆல்பங்களை விரைவாகவே வரிசைப்படுத்திவிடலாம். அடுத்ததாக 1975இன் ‘டிஸ்கிரீட் மியூசிக்’. வெவ்வேறு நீளமுள்ள இரண்டு எளிய மெட்டுகள் சிந்தசைசரின் நினைவகத்தில் சுற்றிவர, அவை இரு பதிவுக்கருவிகள் வழியே எதிரொலித்துப் படிகின்றன. அந்த இணைப்பின் வரைபடத்தையே ஆல்ப உறையில் அச்சிட்டிருக்கிறார்கள். வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். அந்த எதிரொலி அமைப்பை மட்டும் தனித்துக் கேட்க விரும்பினால், கிதார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப்புடன் செய்த 1973இன் ‘நோ புஸ்ஸிஃபுட்டிங்’ இருக்கிறது. முதல் கருவி பதிவு செய்யும் நாடா இரண்டாவது கருவிக்குப் போய் ஒலித்து, அந்த ஒலி முதல் கருவிக்கே திரும்புகிறது. வினாடிக்கு 19 சென்டிமீட்டர் வேகத்தில் கருவிகளை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் எதிரொலி ஐந்து வினாடி கழித்து வரும். அமெரிக்க இசையமைப்பாளர்கள் டெர்ரி ரைலியும் பாலின் ஒலிவெரோஸும் முன்பே கையாண்ட உத்தி அது. ‘அனதர் கிரீன் வேர்ல்ட்’ போன்ற ஆல்பங்கள் அருமையானவை. ஆனால் அவற்றுக்கு வழிகாட்டி தேவையில்லை, எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

பிறகு 1985இன் ‘தர்ஸ்டே ஆஃப்டர்நூன்’. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அரை மணி நேரமே அடங்கும் என்ற தடை குறுந்தகட்டால் நீங்கியதும், 61 நிமிடம் இடைவிடாமல் ஓடும் ஒரே படைப்பாக இதைச் செய்தார். ஆயினும் அதுவும் ஒரு துண்டுதான். வளையங்கள் ஓய்வதில்லை, பதிவுதான் முடிந்துபோகிறது என்ற குறை தீர, 1996இல் ‘ஜெனரேட்டிவ் மியூசிக் 1’ஐக் கணினி வட்டில் வெளியிட்டார்; அதில் இருந்தவை விதிகள், அவற்றைக் கொண்டு கணினி ஒவ்வொரு முறையும் புதிதாக இசைத்தது. பீட்டர் சில்வர்ஸுடன் உருவாக்கிய ‘புளூம்’ செயலி 2008இல் வந்தது. 2017இன் ‘ரிஃப்ளெக்‌ஷன்’ 54 நிமிட ஆல்பமாகவும், பொழுதுக்கேற்ப விதிகள் மாறி முடிவின்றி ஓடும் செயலியாகவும் வந்தது. இரண்டும் கிடைத்தால் செயலியையே தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக 2003இன் ‘ஜனவரி 07003’. பத்தாயிரம் ஆண்டுகள் ஓடும்படி டேனி ஹில்லிஸ் வடிவமைத்த கடிகாரத்துக்கான மணியோசைச் சோதனைகள் அவை. பத்து மணிகளை ஒவ்வொன்றையும் ஒருமுறை அடிக்கும்படி வரிசைப்படுத்த 36,28,800 வழிகள் உண்டு. நாளுக்கொரு வரிசை என்றால் 9,935 ஆண்டுகளுக்கு எந்த வரிசையும் திரும்ப வராது. 7003ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அந்த மணிகள் எந்த வரிசைகளில் ஒலிக்க வேண்டுமோ, அவற்றை ஹில்லிஸின் வழிமுறைப்படி கணக்கிட்டு, அந்த மாதத்துக்கு ஐயாயிரம் ஆண்டுகள் முன்பே ஈனோ இசைத்துக் காட்டியிருக்கிறார்.