அடவு என்ற சொல் இருக்க உருவம் எதற்கு?

வால்ட்ஸ், டாங்கோ போன்று இணையராக ஆடும் மேற்கத்திய ஆட்டங்களான பால்ரூம் நடனங்களின் போட்டி விதிகளைத் தமிழில் தருபவர்கள், ஆங்கிலத்தின் 'ஃபிகர்' என்ற சொல்லுக்கு 'உருவம்' என்று போட்டு, 'தொடக்க நிலையினர் அனுமதிக்கப்பட்ட உருவங்களை மட்டுமே ஆடலாம்' என்று எழுதுவதை இனியும் பொறுக்க முடியவில்லை. உருவத்தை எப்படி ஆடுவது?

ஃபிகர் என்பது இலத்தீன் ஃபிகுராவின் வழி வந்த சொல். உருக்கொடுத்தல் அதன் வேர்ப்பொருள். நடனத்தில் அது குறிப்பது வேறு: பெயரிட்டு, வரிசை வகுத்த அடிகளின் தொகுதி. வால்ட்ஸில் 'விஸ்க்' மூன்று அடி, 'நேச்சுரல் டர்ன்' ஆறு அடி. 1904இல் லண்டனில் தொடங்கிய இம்பீரியல் சொசைட்டி போன்ற நடன ஆசிரியர் அமைப்புகள் இவற்றை வெண்கலம், வெள்ளி, தங்கம் எனப் படிப்படியாக அடுக்கியிருக்கின்றன. வெண்கலப் பட்டியலுக்குள் ஆட வேண்டிய போட்டியில் தங்க நிலையின் 'கான்ட்ரா செக்'கை எவ்வளவு அழகாக ஆடினாலும் அது விதிமீறல்தான்.

உருவத்தைக் கைவிட்டவர்கள் அடுத்துப் பிடித்துக்கொள்வது 'வடிவம்'. இது இன்னும் கெடுதல். நடன வடிவம் என்றால் நமக்கு வால்ட்ஸ், டாங்கோ, கதக் போன்ற முழு ஆட்டமே நினைவுக்கு வரும். 'அனுமதிக்கப்பட்ட வடிவங்கள்' என்று படிப்பவர் டாங்கோ ஆடலாமா கூடாதா என்றுதான் குழம்புவார். வேர்ப்பொருளுக்கு நெருக்கமான சொல் என்று வாதிடுகிறார்கள். வேரைப் பெயர்ப்பதா நம் வேலை? ஆடுகிறவர் எதைச் சொல்கிறாரோ அதையல்லவா பெயர்க்க வேண்டும்? 'அசைவு' என்பாரும் உண்டு. தலையைத் திருப்புவதும் அசைவுதான். அசைவு என்ற சொல்லில் வகுத்த தொடக்கமும் முடிவும் இல்லை. 'அடி' என்றால் ஒற்றைக் காலெடுப்பு. ஆறு அடி சேர்ந்த ஒன்றுக்கு அது எப்படிப் பொருந்தும்?

அடவு என்ற சொல் கையருகே கிடக்கிறது. தட்டடவு, நாட்டடவு என்று பெயர் சூட்டி, எளியதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாகக் கற்பிக்கும் முறை நம்மிடம் இருக்கிறது. அது பரதநாட்டியத்துக்கு மட்டுமே உரியது என்பது தவறு. தெருக்கூத்திலும் கரகாட்டத்திலும் அடவு உண்டு. மேடை ஏறியே பார்க்காதவர்கள் அகராதியை மட்டும் புரட்டிச் சொல் ஆக்குவதால்தான் இத்தனை குழப்பம்.

'தொடக்க நிலையினர் வெண்கலப் பட்டியலில் உள்ள அடவுகளை மட்டுமே ஆடலாம்' என்று எழுதுங்கள். விஸ்க், நேச்சுரல் டர்ன் என்ற பெயர்களை அப்படியே விடுங்கள். பயிற்சிக் கூடத்தில் ஆசிரியர் அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் ஆட வைப்பார்.