சூரிய விவசாயம் இல்லை, ஊடுமின் சாகுபடி

மேலே சோலார் பேனல், கீழே பயிர் என்று ஒரே வயலில் இரண்டையும் எடுக்கும் முறைக்கு 'சூரிய விவசாயம்' என்று எழுதுவதை நிறுத்துங்கள். சூரியன் இல்லாமல் எந்த விவசாயம் நடக்கிறது? சோலார் பம்புசெட் வைத்தாலும் இதே பெயரைத்தான் சொல்கிறார்கள், அதனால் மானியம் எதற்கு என்பதே குழம்பிப்போகிறது.

ஆங்கிலப் பெயர் அக்ரிவோல்டாயிக்ஸ். 'அக்ரி' லத்தீனில் வயல். 'வோல்டாயிக்' 1800இல் மின்கலம் செய்த இத்தாலியர் வோல்டாவின் பெயரிலிருந்து வந்தது. யோசனை 1980களின் தொடக்கத்திலேயே ஜெர்மனியில் கோட்ஸ்பெர்கர், சாஸ்ட்ரோ இருவரும் சொன்னது. பெயர் பரவியது 2011இல் பிரான்சின் டுப்ராஸ் குழு எழுதிய ஆய்வுக்கட்டுரைக்குப் பிறகு.

சரி, 'வேளாண் ஒளிமின்னழுத்தம்' என்கிறார்களே, அது தூய தமிழ்தானே என்று கேட்கலாம். தூய்மை இருக்கிறது, பொருள் இல்லை. மின்னழுத்தம் என்றால் வோல்டேஜ். இங்கே பேச்சு வோல்டேஜைப் பற்றியே அல்ல, வெளிச்சத்திலிருந்து மின்சாரம் எடுப்பதைப் பற்றி. லோ வோல்டேஜில் மோட்டார் காயில் எரிந்துபோய்க் கையைச் சுட்டுக்கொண்ட விவசாயியிடம் போய் உங்கள் வயலில் ஒளிமின்னழுத்தம் அமைக்கலாம் என்றால் அவர் என்னவென்று எடுத்துக்கொள்வார்? அகராதியில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சொல் தேடி ஒட்டவைத்தால் கலைச்சொல் ஆகிவிடாது. 'சோலார் பண்ணை' இன்னும் மோசம், ஏனென்றால் பயிரே இல்லாமல் வேலி போட்டுப் பேனல் மட்டும் நிரப்பிய நிலத்துக்கும் அதே பெயர்தான்.

நான் சொல்வது 'ஊடுமின்'. ஊடுபயிர் நம் விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டிய சொல் இல்லை. இந்த முறையின் பலனை அளப்பதற்கும் ஊடுபயிர்க் கணக்கையேதான் எடுத்துக்கொண்டார்கள்: தனித்தனியாகச் செய்தால் எவ்வளவு நிலம் தேவைப்படும் என்ற கணக்கு. ஜெர்மனியின் ஹெகல்பாக் பண்ணையில் டிராக்டர் போகும் உயரத்தில் பேனல் ஏற்றி உருளைக்கிழங்கும் கோதுமையும் போட்டார்கள். 2017இல் அந்தக் கணக்கு 160 சதவீதம் வந்தது. அதாவது 1.6 ஹெக்டேரில் தனித்தனியாக எடுக்க வேண்டியது ஒரே ஹெக்டேரில் கிடைத்தது.

பேனல் மேலேதானே இருக்கிறது, 'ஊடு' எப்படிப் பொருந்தும் என்பவர்களுக்கு: தென்னைக்குக் கீழே போடும் வாழையையும் ஊடுபயிர் என்றுதானே சொல்கிறோம். அதைவிட முக்கியம், எது பிரதானம் என்பதை இந்தச் சொல் மறைக்காது. பயிர்தான் முதல், மின்சாரம் ஊடே வருவது. ஜப்பானில் விளைச்சல் வழக்கமானதில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்று விதி வைத்தார்கள், ஜெர்மனியின் 2021 தரவிதி குறைந்தது 66 சதவீதம் கேட்கிறது. பயிரைப் பின்னுக்குத் தள்ளும் பெயர் இதற்கு ஆகாது.

அப்புறம், பேனல் ஏற்றும் இரும்புச் சட்டத்துக்கு 'உயர்த்தப்பட்ட கட்டமைப்பு' எதற்கு? புடலையும் பாகலும் ஏற்றுகிறவர்களுக்குப் 'பந்தல்' போதும்.