செங்காந்தள் படம்: 1 நொடி எப்படி 16 நொடி ஆகிறது?

ஐப்பசி, கார்த்திகையில் தருமபுரி வத்தல்மலைப் பக்கமோ கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டிப் பக்கமோ ஓடைக்கரைப் புதரில் செங்காந்தள் பூத்திருக்கும். 4×5 அங்குலத் தாள் ஃபிலிம் போடும் பெரிய கேமராவில் அதை எடுத்து, வெளிறிய நெகட்டிவோடு திரும்புகிறவர்கள் பலர். ஒளியை அளக்கும் லைட் மீட்டர் காட்டிய நேரத்தை அப்படியே வைத்துவிடுவதுதான் காரணம்.

நிழலில் எஃப்32 என்ற சிறிய லென்ஸ் துளைக்கு மீட்டர் 1 நொடி காட்டுகிறது என்று வையுங்கள். 10 செ.மீ. பூ ஃபிலிமில் 5 செ.மீ. விழ, 150 மி.மீ. லென்ஸுக்கு பெல்லோஸை, அதாவது லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையிலுள்ள மடிப்புத் துருத்தியை, 225 மி.மீ. இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க ஃபிலிமில் விழும் ஒளி குறையும். 225-ஐ 150-ஆல் வகுத்தால் 1.5, அதன் வர்க்கம் 2.25. ஆக 2.25 நொடி. அடுத்து ஃபில்டர். கறுப்பு வெள்ளையில் சிவப்பு இதழும் பச்சை இலையும் ஒரே சாம்பலாகிவிடும். பச்சை ஃபில்டர் போட்டால் இலை வெளுக்கும், இதழ் நுனி கறுக்கும், மஞ்சள் அடிப்பகுதி பளிச்சென்று நிற்கும். அதற்கு 4 மடங்கு: 9 நொடி. நேரம் நீள நீள ஃபிலிமும் மந்தமாகும். இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸுக்கு 9-ஐ 1.26 அடுக்குக்கு உயர்த்தினால் ஏறக்குறைய 16 நொடி. ஓடைக்காற்றில் எந்தப் பூ 16 நொடி ஆடாமல் நிற்கும்?

துளையை எஃப்16-க்குத் திறந்தால் ஒளி 4 மடங்கு. ஆனால் 16 நொடி 4 ஆகாது, 3 நொடிக்கும் கீழே வந்துவிடும். ஃபிலிமின் மந்தமும் சேர்ந்து குறைவதால் கிடைக்கும் லாபம். ஆனால் அப்போது கூர்மையாக நிற்பது ஏறக்குறைய 2 செ.மீ. ஆழம்தான். இதழ் நுனி போனால் போகட்டும், மகரந்தப்பை கூர்மையாக இருக்கட்டும். வெயில் ஏறுமுன் காற்று அடங்கியிருக்கும். அந்த நேரம் போதும்.

மறைக்கிறதென்று பக்கத்துச் செடியை ஒடிக்காதீர்கள். செங்காந்தளின் இலை நுனி சுருண்டு அதைத்தான் பிடித்திருக்கும். பிடி போனால் கொடியே சரியும். கேமராவைத்தான் நகர்த்த வேண்டும். முக்காலியை வேரடி ஈரமண்ணில் ஊன்றாமல் பாறையில் வையுங்கள். செடி முழுக்க கோல்கிசின் நஞ்சு, கிழங்கில் அதிகம். தொட்ட கையைக் கழுவாமல் கட்டுச்சோற்றைப் பிரிக்க வேண்டாம்.

2022-இல் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டபின் அஞ்செட்டிப் பக்கத்துக் காட்டில் பல பகுதிகள் அதற்குள் வந்துவிட்டன. வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக்கூடாது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கேமராவின் பின்கண்ணாடியில் விழும் தலைகீழ்ப் பிம்பத்தை லூப் என்ற உருப்பெருக்கியில் பார்க்கும்போது ஓடைச் சத்தத்தில் யானை வருவது காதில் விழாது. ஒருவர் வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஃபிலிமை மூடியிருக்கும் டார்க் ஸ்லைடு தகட்டை உருவுமுன் ஷட்டர் மூடியிருக்கிறதா என்று கேட்கிற வேலையையும் அவரிடமே கொடுத்துவிடலாம்.