பழைய காருக்கு டைமிங் கியர் வாங்குமுன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத் தமிழ்க் குடும்பங்களில் தாத்தாவோ அப்பாவோ வாங்கிய காரை விற்க மனம் வராமல் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். சாட்ஸ்வொர்த், மெரேபேங்க், டொங்காட் என்று எங்கே போனாலும் கவர் போட்டு மூடிய ஒரு கோர்ட்டினாவோ செவர்லே 4100-ஓ கண்ணில் படும். வீட்டில் கல்யாணம் என்றால் அதைத் துடைத்து வெளியே எடுப்பார்கள். அப்படிப்பட்ட எஞ்சின்களைப் பிரித்துக் கட்டுவதுதான் என் தொழில். டைமிங் கியரின் பல் உதிர்ந்து, கயிறு கட்டி இழுத்து வரப்படும் வண்டிகளை அடிக்கடி பார்க்கிறேன். அவற்றில் சில, கியரை மாற்றிக் கொஞ்ச காலமே ஆன வண்டிகள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இங்கே நான் சொல்லும் எஞ்சின்களில் இடையில் செயின் கிடையாது. கிராங்க் முனையில் சிறிய ஸ்டீல் கியர், அதைக் கவ்வியபடி இரண்டு மடங்கு பற்கள் கொண்ட பெரிய கேம் கியர், அவ்வளவுதான். இவைதான் டைமிங் கியர்கள். சத்தம் வராமல் இருக்க அந்தப் பெரிய கியரை ஃபைபரில் செய்தார்கள், அதாவது துணி அடுக்குகளை ரெசினில் ஊறவைத்து இறுக்கிய பொருளில். ஃபோர்டின் எசெக்ஸ் வி6 அப்படித்தான். 1966-ல் இங்கிலாந்தில் வந்த அந்த எஞ்சினை, நம் நாட்டில் போர்ட் எலிசபெத்தின் ஸ்ட்ருவண்டேல் ஆலையில் 2000 வரை செய்தார்கள். கோர்ட்டினா, கிரனடா, சியரா, கோர்ட்டினா பக்கி (பின்னால் சரக்குத் தொட்டி உள்ள வண்டி) என்று இங்கே அது உட்காராத வண்டி குறைவு. செவர்லே 4100-இல் இருக்கும் 250 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சினிலும் கார்களுக்கு ஃபைபர் கியர்தான் வந்தது.

ஃபைபர் என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். ஒழுங்காக ஓடும் வண்டியில் அது பல வருடம் தாங்கும். ஆனால் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, பல்லின் அடிப்பக்கம் உலர்ந்து விரிசல் விடுகிறது. வருடக்கணக்கில் நின்ற வண்டியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய பெட்ரோல் பிசினாகி வால்வை, அது ஏறி இறங்கும் குழாயான கைடுக்குள் பிடித்துக்கொள்ளும். சாவியைத் திருப்பியதும் அந்தச் சுமை முழுவதும் நாலைந்து பல்லின் மேல் விழும். நின்ற வண்டியை எடுக்குமுன் வால்வுகளுக்கு மேலிருக்கும் ராக்கர் கவரைத் திறந்து, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, எல்லா வால்வும் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள்.

ஓடிக்கொண்டிருந்த வண்டி எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சட்டென்று அணைந்தால், ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றுங்கள். ஒருவர் சாவியை ஒரே ஒரு நொடி திருப்பட்டும், உள்ளே கேம்ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும் ரோட்டாரை நீங்கள் கவனியுங்கள். எஞ்சின் சுற்றுகிறது, ரோட்டார் அசையவில்லை என்றால் கியர் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மேல் ஸ்டார்ட்டரை அடிக்காதீர்கள், தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். சில எஞ்சின்களில் திறந்து நிற்கும் வால்வைப் பிஸ்டன் வந்து இடிக்கும். எசெக்ஸில் எண்ணெய் பம்பும் கேம்ஷாஃப்ட் வழியாகத்தான் ஓடுகிறது. கேம் நின்றுவிட்டால், வண்டி கியரில் உருளும் ஒவ்வொரு மீட்டரும் கிராங்க் பேரிங்குகள் எண்ணெய் இல்லாமல் சுற்றுகின்றன.

சரி, எந்தக் கியரை வாங்குவது? பெரும்பாலானவர்கள் கேட்பது, "அண்ணே, ஸ்டீலே போட்டுடுங்க, ஒரேயடியா முடிஞ்சிடும்" என்பதைத்தான். வண்டியை எதற்கு எடுக்கிறார்கள் என்று முதலில் கேட்பேன். டிரெய்லர் கட்டி வான் ரீனன் கணவாய் ஏறுகிற பக்கி, எஞ்சினைக் கூடுதல் பவருக்குக் கட்டிய வண்டி, கடினமான வால்வு ஸ்பிரிங் போட்ட வண்டி என்றால் ஸ்டீல்தான் சரி. ஆனால் ஸ்டீலும் ஸ்டீலும் உரசினால் ஊளைச் சத்தம் உண்டு, அது கடைசி வரை போகாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் போகிற வண்டிக்கு நல்ல புது ஃபைபர் கியரே போதும் என்பது என் கருத்து. அலுமினியம் இரண்டுக்கும் நடுவில், ஃபைபரை விட வலு, ஸ்டீலை விடச் சத்தம் குறைவு. அடிக்கடி ஓடும் வண்டிக்கு நான் அதையே சொல்வேன்.

ஃபைபரில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய ஸ்பேர்ஸ் கடை அலமாரியில் நிறம் மங்கிய பெட்டியோடு கிடைக்கும் "ஒரிஜினல்" பாகத்தைப் பொக்கிஷம்போல் கொண்டுவருகிறார்கள். பெட்டியின் வயதுதான் உள்ளே இருக்கும் ஃபைபருக்கும். ஸ்டீல் பாகம் என்றால் துரு பார்த்து வாங்கலாம். ஃபைபரை நல்ல வெளிச்சத்தில் பல்லடியையும், நடு இரும்போடு அது சேரும் வளையத்தையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். மயிரிழை விரிசலோ அடுக்குப் பிரிவோ தெரிந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அப்புறம், ஜோடி. இதில்தான் காசை மிச்சப்படுத்தப் பார்க்கிறார்கள். பெரிய கியர் புதிது, கிராங்கில் இருக்கும் சின்னது பழையது. சின்னக் கியரின் பல் தேய்ந்து உருவம் மாறியிருக்கும், சில நேரம் விளிம்பு கத்தி போலவும் ஆகியிருக்கும். அது புது ஃபைபரை அரைத்துத் தள்ளிவிடும். இரண்டையும் ஒரே தயாரிப்பாளரிடம் ஜோடியாக வாங்குங்கள். பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை என்பதால் சாய்வுக் கோணம் இம்மியும் மாறக் கூடாது.

மாட்டியபின் அளக்காமல் மூடாதீர்கள். நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜின் முனையைக் கேம் கியர்ப் பல்லின் மேல் வைத்து, கிராங்கை அசையாமல் பிடித்து, கேமைச் சுற்றும் திசையில் இப்படியும் அப்படியும் ஆட்டினால் பற்களுக்கு இடையிலான தளர்வு (பிளே) தெரியும். செவர்லே 250-க்கு அது 0.10 முதல் 0.15 மி.மீ. வரை. ஒரே இடத்தில் அளந்தால் போதாது. கால் சுற்றுக்கு ஒருமுறை திருப்பி நான்கு இடத்தில் அளக்க வேண்டும். ஓரிடத்தில் தளர்வு, எதிர்ப்பக்கம் இறுக்கம் என்றால் கியர் மையம் விலகி இருக்கிறது, கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். சாய்வுப் பல் கேமை நீளவாக்கில் முன்னும் பின்னும் தள்ளும் என்பதால், அதைத் தடுத்து நிறுத்தும் த்ரஸ்ட் பிளேட்டின் இடைவெளியையும் ஃபீலர் கேஜால் பாருங்கள். அதே எஞ்சினில் 0.025 முதல் 0.125 மி.மீ. உங்கள் எஞ்சினுக்கு உரிய அளவை அதன் கையேட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினியரிங் ஷாப்பில், கிராங்க் உட்காரும் மெயின் பேரிங் இருக்கைகளை நேர்கோட்டில் கடைந்து வந்த பிளாக் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். கடையும்போது கிராங்க் கொஞ்சம் கேம் பக்கம் நகர்ந்திருக்கலாம். அப்போது சரியான கியரும் இறுக்கமாகக் கவ்வும், ஊளையிடும், சூடாகும். சில எஞ்சின்களுக்கு இதற்காகவே சற்றுச் சிறிய அளவிலும் கியர் கிடைக்கிறது. பிளாக் கடையப்பட்டதா என்பதைக் கியர் ஆர்டர் செய்யுமுன் கேளுங்கள்.

செவர்லேயில் கேம் கியர் ஷாஃப்டில் அழுத்திப் பொருத்தப்பட்டது. கேமை வெளியே எடுத்து, பிரஸ்ஸில் வைத்துத்தான் மாற்ற வேண்டும். வண்டியில் இருந்தபடியே சுத்தியலால் தட்டி ஏற்றினால் பிளாக்கின் பின்பக்க மூடி பெயர்ந்து எண்ணெய் கசியும்.

பழைய கியர் உதிர்ந்த வண்டி என்றால், எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் சம்பைக் கட்டாயம் கழற்றுங்கள். ஃபைபர்த் துணுக்குகள் எண்ணெய் பம்பின் வலையான ஸ்ட்ரெய்னரில் போய் ஒட்டிக்கொள்ளும், மேலேயிருந்து எண்ணெய் ஊற்றி அலசினால் போகாது. எசெக்ஸ் என்றால் பம்பைச் சுற்றும் அறுகோணக் கம்பியையும் அப்போதே எடுத்துப் பாருங்கள். முனைகள் மழுங்கி உருண்டையாகியிருந்தால் புதிது போடுங்கள். கட்டி முடித்து முதல் 500 கிலோமீட்டரில் எண்ணெயை வடித்து, ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை விரித்துப் பாருங்கள். பழுப்பு நிறத் துகள் இருந்தால் சம்ப் இன்னும் சுத்தமாகவில்லை, அல்லது புதுக் கியர் உதிரத் தொடங்கிவிட்டது. எதுவாக இருந்தாலும் டைமிங் கவரைத் திறந்து பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.